அடித்தல் திருத்தல்

இரும்பு அலமாரிக்குள் இன்னொரு இரும்புப் பெட்டி.
இரண்டு சாவியும் தோரா இஸ்பிஸ்டரின் கழுத்தில்.
குளிக்கும்போதும் கழற்றுவதில்லை என்று
தீவில் ஒரு பேச்சு உண்டு.
பதிவேடு மட்டும் என் பொறுப்பு.

ஆர்க்னித் தீவுகளில் மரம் குறைவு, காற்று அதிகம்.
எங்கள் மருத்துவமனைக்கு மாடு வரும், குதிரை வரும்,
ஒருமுறை சீல் குட்டி வந்து என் கட்டைவிரலைக் கடித்தது.
கடி எந்த ஏட்டிலும் இல்லை.
மயக்கமருந்து மட்டும் சொட்டுச் சொட்டாக இருக்கிறது.

தைத்த ஏடு, தாள் கிழிக்கக் கூடாது.
அழியாத மை.
என்று வந்தது, யாருக்குப் போனது, மிச்சம் எவ்வளவு.
தப்பாக எழுதிவிட்டால்
அடிக்காதே, சுரண்டாதே, வெள்ளை பூசாதே.
ஓரத்தில் தேதியிட்டு உள்ளதை எழுது,
தப்பு நின்ற இடத்திலேயே நிற்கட்டும்.
எங்கள் பாதிரியார்கூட இவ்வளவு கறார் இல்லை
என்பாள் தோரா.

நவம்பர் பதினான்கு, இரவு ஒன்பது இருபது.
மான்சி லிங்க்லேட்டரின் நாய், பெயர் ஸ்கெரி.
இடுப்பின்மேல் டிராக்டர் வண்டிச் சக்கரம்.
மெத்தடோன், பூஜ்யம் புள்ளி ஆறு மில்லி, செலுத்தப்பட்டது.
கையொப்பம் எர்லெண்ட் ரெண்டல். நான்தான்.

நாள் சரி, நாய் சரி, அளவும் சரி.
கடைசிச் சொல் மட்டும் எனக்குத் தெரியும்.

மழை குறுக்கே அடித்தது.
மான்சி டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தான்.
நாய் துள்ளியது,
நான் அழுத்தினேன்,
ஊசி அதற்குள் தோலைவிட்டு வெளியே வந்திருந்தது.
என் சட்டைக்கையில் ஈரம். ஏற்கெனவே எல்லாம் ஈரம்.
பாதி போனதா? கால்வாசியா?
வண்டிக்குள் குளுக்கோஸ் குழாயோடு மல்லாடிய தோரா
"போட்டாயா?" என்றாள்.
போட்டேன் என்றேன்.
"அப்படியானால் பிடிக்கும், கொஞ்சம் பொறு" என்றாள்.

நாற்பது நிமிடம் பொறுத்தது நானல்ல.

மாதக் கடைசியில் கூட்டினோம்.
இம்மி பிசகவில்லை.
பெட்டியை விட்டு எவ்வளவு போனது என்றுதான்
கணக்கு கேட்கும்,
போய்ச் சேர்ந்ததா என்று கேட்காது.
சட்டைக்கையைத் துவைத்தேன். மறுபடியும் துவைத்தேன்.

ஜனவரியில் ஆறு புட்டி காலாவதி.
எங்கள் சரக்கை நாங்களே கொட்டக் கூடாது,
எங்களோடு ஒட்டுறவில்லாத சாட்சி வேண்டும்.
பக்கத்துத் தீவிலிருந்து சுன்னிவா ஹெடில் வந்தாள்,
படகு மூன்று மணி தாமதம்,
முகம் பச்சையாய், ரொட்டி வேண்டாம் என்று கையசைத்தபடி.

எண்ணினாள். லேபிளைப் படித்தாள். உடைத்தோம்.
குடுவைப் பொடியில் ஊற்றித் தண்ணீர் விட்டுக் குலுக்க
சாம்பல் நிறக் கஞ்சியாக இறுகியது
எத்தனையோ பிராணிகளுக்கு வந்திருக்க வேண்டிய நிம்மதி.
மூவரும் ஒப்பமிட்டோம்.

தேநீர் ஆறும்வரை
சும்மா பக்கங்களைப் பின்னால் புரட்டியவள்
"ஸ்கெரி! நல்ல பெயர். எப்படி இருக்கிறது?" என்றாள்.

வேறொன்றும் கேட்கவில்லை.
சாட்சிக்கு அதைக் கேட்கும் வேலையும் இல்லை.

நொண்டுகிறது, என்றேன்.
ஆடு மேய்க்கிறது.
என் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும்
கொட்டகைக்குள் போய்விடுகிறது.

பிறகு பேனாவை எடுத்தேன்.
அந்த வரியைத் தொடவில்லை.
ஓரத்தில், எறும்பெழுத்தில்:
"முழு அளவும் உடலுக்குள் போகவில்லை.
ஒரு பகுதி சிந்தியது, அளவு தெரியாது.
அப்போதே சொல்லவில்லை."

தோரா குனிந்து படித்தாள்.
சாவிகள் மேஜையில் தட்டின.
சுன்னிவா ஜன்னல் வழியே கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"தேதி" என்றாள் தோரா. "தேதி போடு."

போட்டேன்.
கை நடுக்கத்தில் போன வருடத்தைப் போட்டுவிட்டேன்.

அடிக்கவில்லை.
அதற்கும் கீழே இன்னொரு குறிப்பு எழுத
ஓரத்தில் இடம் தேடிக்கொண்டிருந்தேன்.